வெள்ளை நூல் போட்ட சட்டை

எங்கள் துணித் தெருவில் பேரம் பேசாமல் நடக்கும் காரியம் மூச்சு விடுவது ஒன்றுதான். நானும் இந்தத் தெருவில் பிறந்தவன்தான். பொத்தான், நூல், ஊசி, ஜிப் விற்கிறேன். தெருவில் எனக்குப் பெயர் 'பொத்தான்'. என் அப்பாவுக்கும் அதே பெயர்தான். கடையோடு சேர்ந்து என் கைக்கு வந்தது. ஆகவே இழுத்துப் பிடித்து வியாபாரம் பேசுகிறவர்களைக் கண்டு முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். ஆனால் செத்துப்போன ஒரு பையனின் வயதுக்கு எங்கள் வியாபாரிகள் சங்கம் பேரம் பேசிய அன்று நானும் முகம் சுளித்தேன்.

பையன் தையல்காரம்மாவின் மகன். தெருவிலேயே பெரிய ஜவுளிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, வாங்கிய துணிகளுக்கு அளவு பிடித்துக் கொடுப்பவள் அவள். கால்சட்டை நீளமா, இடுப்பு தொளதொளவா, எல்லாம் அந்தப் படிக்கட்டுக்குக் கீழேதான் சரியாகும். மகன் பிறந்தது முதல் ஒல்லி. தெருவே அவனை 'ஊசி' என்றுதான் கூப்பிட்டது. பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆளைக் காணோம் என்று தேடுவோம். அவன் பட்டாளத்தில் சேர்ந்தபோது, "துப்பாக்கியைத் தூக்குவானா, துப்பாக்கி இவனைத் தூக்குமா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தவனைப் பார்த்து வாயடைத்துப்போனோம். தோள் இரண்டும் கதவு மாதிரி விரிந்திருந்தது. யூனிஃபார்ம் சட்டையை மாட்டினால் முதுகில் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டியது. அம்மாக்காரி அந்தச் சட்டையின் முதுகை நடுவில் மேலிருந்து கீழ்வரை பிரித்தாள். அந்தப் பச்சைத் துணி கடையில் கிடைக்காது. சட்டையின் அடிமடிப்பிலிருந்தும் பைகளின் உள்பக்கத்திலிருந்தும் துணியைத் திருடி, ஒட்டுப்போட்டு, நான்கு விரல் அகலத்தில் ஒரு பட்டை சேர்த்தாள். அதை முதுகில் வைத்து, என் கடையில் வாங்கிய வெள்ளை நூலால் தற்காலிகமாக ஓட்டிப் பிடித்தாள். அளவு சரியாக இருந்தால் அப்புறம் பச்சை நூலில் அழுத்தித் தைத்துவிட்டு வெள்ளையை உருவிவிடலாம். தையல் வேலையில் எல்லோரும் செய்கிறதுதான்.

அவன் அதைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. சண்டை தொடங்கிவிட்டது, உடனே கிளம்பு என்று. சட்டையைக் கழற்றி மெஷின் மேல் போட்டான். "அடுத்த லீவுல போட்டுக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு, வேறு சட்டையில் போனான்.

அடுத்த லீவு வரவில்லை. குண்டு விழுந்தபோது அவன் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து வேகவைத்த உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தான். கூட இருந்த பையன் நேரில் வந்து சொன்னது இது. போட்டிருந்த உடுப்பும் வரவில்லை, அவன் சாமான் பெட்டியும் வரவில்லை. அவள் கையில் மிஞ்சியது முதுகில் வெள்ளை நூல் ஓடும் அந்த ஒரு சட்டைதான். பச்சை நூல் போட அவளுக்குக் கை வரவில்லை. நானும் கேட்டதில்லை. நூல் விற்கிறவனாக இருந்தும் கேட்டதில்லை.

ஒரு வருடம் முடியப்போகும்போது வியாபாரிகள் சங்கத்துக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் தானாக வரவில்லை. பக்கத்துத் தெருச் சங்கம் தங்கள் தெருவில் இறந்த ஒருவருக்குப் பெரிய பேனர் கட்டியதைப் பார்த்து வந்தது. சங்கத் தலைவர்தான் அந்தப் பெரிய ஜவுளிக்கடையின் முதலாளி. வருடம் முழுக்கத் தள்ளுபடி போடுவதால் அவருக்குப் பெயரே 'தள்ளுபடி'. செயலாளருக்குப் பெயர் 'மைக்'. கையில் கிடைத்தால் விடமாட்டார்.

கூட்டத்தில் மைக் பேனருக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார்.

"வயசு என்ன போடலாம்?"

"இருபத்திமூணு" என்றேன்.

"பத்தொம்பதுன்னு போட்டா மனச உருக்கும்."

"யோவ், உருக்குறதுக்காக நாலு வயசக் குறைப்பியா?"

தள்ளுபடி நடுவில் புகுந்தார். "சரி சரி, ரெண்டு பேரும் விடுங்க. இருபதுன்னு வச்சுக்கலாம். அவருக்கும் வேணாம், இவருக்கும் வேணாம்."

பழகிய வாய். எந்தச் சரக்கையும் நடுவிலையில் முடித்துத்தான் அதற்குப் பழக்கம். நாற்காலிகளில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஊசி மூன்று வயது குறைந்தான்.

அடுத்து, எப்படி இறந்தான் என்பது. உருளைக்கிழங்கு என்றதும் மைக் கையை உதறினார். "அதையெல்லாம் மேடையில சொல்ல முடியுமா அண்ணே? எதிரியப் பந்தாடிட்டு இருக்கும்போதுன்னு போடுவோம்."

"பந்தாடல. உரிச்சிட்டு இருந்தான்."

"நீங்க பொத்தான் விக்கிற ஆளு. உங்களுக்கு எல்லாம் பொடிசாவே தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டி வைத்தேன். அந்தச் சிரிப்பு வாயில் பாகற்காய் மாதிரி கிடந்தது.

எந்தக் கடையில் நினைவு அலங்காரம் என்பதற்கு ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் தள்ளுபடியின் மூலைக் கண்ணாடி அலமாரி என்று முடிந்தது. மூலை என்பதால் இரண்டு தெருவிலிருந்தும் தெரியும். போட்டோ மட்டும் வைத்தால் போதாதா என்றேன்.

"போட்டோவ யாரு நின்னு பாப்பா? பொம்மைக்கு அவன் உடுப்ப மாட்டி நிறுத்தணும். ஆளுயரத்துக்கு" என்றார் தள்ளுபடி.

சட்டையைக் கேட்கத் தள்ளுபடியே படிக்கட்டுக்குக் கீழே குனிந்து போனார். அவர் அவ்வளவு குனிந்து நான் பார்த்ததில்லை. கூட நானும் இருந்தேன். தையல்காரம்மா மெஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினாள்.

"தரேங்க. ஆனா பின்பக்கம் கை வைக்கக் கூடாது. இஸ்திரி வேணாம், ஒண்ணும் வேணாம். நினைவு நாள் சாயங்காலமே அப்படியே திருப்பிக் குடுத்துடணும்."

"பின்பக்கத்த யாரும்மா பாக்கப்போறா? அலமாரில முன்பக்கந்தான் எல்லாம். உன் பிள்ளை என் பிள்ளை இல்லியா?"

அவர் போனபிறகு கேட்டேன். "ஏம்மா குடுத்த?"

"அவன் அதப் போட்டு நிமிந்து நின்னு நான் முன்னால இருந்து பாக்கவே இல்லண்ணே. முதுகப் பாத்துட்டு இருந்தேன், போன் வந்துருச்சு. ஒரு தடவ முன்னாடி நின்னு பாத்துட்டு எடுத்துக்கறேன்."



நினைவு நாளன்று காலையில் தெருவின் நடுவில் மேடை போட்டிருந்தார்கள். மலர்வளையங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் நாடாவிலும் 'வீரவணக்கம்' என்பது பொடி எழுத்தில், கடைப்பெயர் கொட்டை எழுத்தில். யாருடைய வளையம் முன்னால் நிற்பது என்பதில் இரண்டு முதலாளிகள் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளாத குறை. ஒருவர் வளையத்தின் மேல் இன்னொருவர் வளையத்தைச் சாய்த்து வைப்பதும், அவர் வந்து இதை நகர்த்துவதுமாக, பூக்கள் பாதி உதிர்ந்துவிட்டன. மவுன அஞ்சலி என்று மைக் அறிவித்தார். தெரு அடங்கியது. அந்த அமைதியில் ஒரு மொத்த வியாபாரியின் குரல் போனில் தெளிவாகக் கேட்டது: "அந்த விலைக்குக் கட்டாதுய்யா. நான் இங்க ஒரு சாவுக்கு நிக்கிறேன், அப்புறம் பேசு."

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்ன விலை எவ்வளவாக இருக்கும் என்று யோசிக்கிற முகங்களைத்தான் பார்த்தேன்.

மூலை அலமாரிக்குக் கண்ணாடியின் உள்பக்கம் திரை போட்டிருந்தார்கள். மைக் பேச்சின் நடுவில் கயிற்றை இழுத்துத் திறப்பார் என்று ஏற்பாடு. திரைக்குக் கீழே, கண்ணாடியின் வெளிப்பக்கம் புதிதாக ஒரு அட்டை: 'ராணுவப் பச்சையில் புதிய ரகங்கள் வந்துள்ளன'. படித்துவிட்டுப் பக்கத்துச் சுவரில் துப்பினேன். அதுவரை என் வாழ்க்கையில் நான் தெருவில் துப்பியதில்லை.

"திரை தொறக்குறதுக்கு முன்னால நான் பாத்துடணும்ண்ணே. இந்தக் கூட்டத்தோட நின்னு வேணாம்" என்றாள் தையல்காரம்மா. இருவரும் கடைக்குள் போய், அலமாரியின் சின்னக் கதவு வழியாக நுழைந்தோம்.

முந்தின நாள் வரை கோட்டு சூட்டு போட்டு நின்ற அதே பொம்மை. சிவந்த கன்னம், கல்யாண மாப்பிள்ளைச் சிரிப்பு. மேல் உதட்டில் மையால் மீசை வரைந்திருந்தார்கள். ஊசிக்கு மீசையே சரியாக முளைத்ததில்லை. தலையில் தொப்பி, கையில் ஒரு பொம்மைத் துப்பாக்கி; அதன் அடியில் விளையாட்டுச் சாமான் கடையின் பெயர் ஒட்டியிருந்ததைக் கிழிக்கக்கூட மறந்திருந்தார்கள். ஆனால் சட்டை நின்றது. தோளும் மார்பும் சுருக்கமில்லாமல், கம்பீரமாக. அவள் தலையை மட்டும் பார்க்காமல், கழுத்துக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு லேசாக விரிந்தது. பரவாயில்லை, இதற்காவது ஆயிற்று என்று நினைத்தேன்.

பிறகு அவள் பொம்மையைச் சுற்றிப் பின்னால் போனாள். போன கால் அப்படியே நின்றது.

நானும் போய்ப் பார்த்தேன். சட்டைக்கு முதுகு இல்லை. கழுத்துப்பட்டை முதல் அடிவரை இரண்டாகத் திறந்து கிடந்தது. நடுவில் பொம்மையின் வழவழப்பான பிளாஸ்டிக் முதுகு. இருபுறத் துணியையும் இழுத்துப் பிடித்து வரிசையாக இரும்புக் கிளிப்புகள். வெள்ளை நூல் ஒரு இழைகூட இல்லை. நான்கு விரல் பட்டையும் இல்லை.

அலமாரிப் பொம்மைகளுக்கு உடுத்திவிடுகிற ஆள் ஒருவன் உண்டு; 'அலங்காரம்' என்று கூப்பிடுவோம். கதவோரம் நின்றிருந்தவனை நான் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"இங்க ஒரு பட்டை இருந்துச்சே, எங்கடா?"

"பொம்மைக்கு மார்பு பெருசுண்ணே. சட்டை ஏறல. பின்னால பாத்தா வெறும் வெள்ளை நூலு. வெள்ளை நூலுன்னா பிரிக்கிறதுதானே? உருவிட்டேன். பட்டை ஒரு பக்கமாத் தொங்குச்சு. அதையும் எடுத்துட்டேன்."

"எடுத்து?"

"கூட்டிப்போட்டேன். நேத்தே குப்பை வண்டி போயிருச்சு." அவளைப் பார்த்தான். "தப்பா அக்கா? நீங்களே சொல்லுங்க, வெள்ளை நூல்ல இருந்தா அது இன்னும் சட்டையோட சேரலன்னுதானே அர்த்தம்?"

அவன் வேலைப்படி அவன் சொன்னது சரி. எந்தத் தையல்காரனும் அதையேதான் செய்வான். அதனால்தான் எனக்கு அவனை அடிக்கக் கையும் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. பின்பக்கம் கை வைக்கக் கூடாது என்று முதலாளி சொன்னாரா என்று கேட்டேன். "முன்பக்கம் பளிச்சுன்னு இருக்கணும்னு மட்டும்தான்ணே சொன்னாரு" என்றான்.

தையல்காரம்மா கிளிப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். முதுகு திறந்த சட்டையைக் கழற்றச் சிரமமே இல்லை. துப்பாக்கிக் கைகளிலிருந்து முன்பக்கமாக உருவினாள், வந்துவிட்டது. அதை நெஞ்சோடு மடித்துக்கொண்டாள்.

சரியாக அப்போது வெளியே ஒலிபெருக்கி அலறியது. "எதிரிகளைப் பந்தாடிய அந்த இருபது வயதுச் சிங்கத்தை, இதோ, உங்கள் கண்முன்னால்..." திரை விலகியது.

இடுப்புக்கு மேலே வெற்று உடம்பாக, தொப்பியும் துப்பாக்கியுமாகச் சிரித்துக்கொண்டு நின்றது பொம்மை. பக்கத்தில் நாங்கள் மூன்று பேர். கூட்டம் ஒரு நொடி முழித்தது. பிறகு கை தட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், தட்டியது. திரை திறந்தால் தட்ட வேண்டும் என்று பழகிய கைகள். முன் வரிசையில் ஒருவர் விறைப்பாகச் சல்யூட் அடித்தார்.

தள்ளுபடி வேர்க்க விறுவிறுக்கச் சின்னக் கதவில் புகுந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் பஞ்சாயத்து நடந்தது. அவர்களுக்குச் சத்தம் கேட்காது, வாயசைவு மட்டும் தெரியும். தள்ளுபடி அது தெரிந்தே சிரித்த முகத்தோடு பேசினார்.

"என்னம்மா இது, எல்லாரும் பாக்குறாங்க. போட்டுடும்மா."

"முதுகு எங்கங்க?"

"அட, ஒரு துண்டுத் துணிக்கா இவ்ளோ? கடை முழுக்கத் துணி கெடக்கு. பச்சையிலயே எத்தன வேணும் உனக்கு? எடுத்துக்க. ஒரு பட்டை என்ன, ஒரு முழு பீஸாவே எடுத்துக்க."

அவள் அவரைப் பார்த்தாள்.

"சரி, நூலும் தரேன். பெட்டியோட தரேன். பொத்தான் கடைல இருந்து வாங்கியே தரேன், போதுமா?"

பேரத்தில் எதிராளி பேசாமல் இருந்தால், இன்னும் ஏற்றச் சொல்கிறான் என்று அர்த்தம். தள்ளுபடிக்கு அது ஒன்றுதான் தெரியும். கண்ணாடியைத் தட்டி மைக்கைக் கூப்பிட்டு, கதவு வழியாகக் காதில் ஏதோ சொன்னார். அரை நிமிடத்தில் ஒலிபெருக்கி முழங்கியது: "வீரத்தாய்க்கு நமது சங்கம் சார்பில் ஒரு புத்தம்புதுத் தையல் மெஷின்! மோட்டார் வைத்தது!"

மறுபடி கைதட்டல். தள்ளுபடி அவளைப் பார்த்து, முடிந்ததா என்பது போல இரண்டு கையையும் விரித்தார். வாடிக்கையாளரிடம் கடைசி விலை சொல்லிவிட்டு விரிப்பாரே, அதே விரிப்பு. அந்த அலமாரிக்குள் புதுத் துணிக் கஞ்சியின் வாடையும் அவர் தலையில் பூசியிருந்த வாசனை எண்ணெயும் கலந்து மூச்சை அடைத்தது.

"அண்ணே," என்றாள் தையல்காரம்மா என்னிடம், "என் மெஷினைத் தூக்க ஒரு கை குடுங்க."

"எங்கம்மா?"

"எங்கயாச்சும். இந்தப் படிக்கட்டுக்குக் கீழ வேணாம்."

மெஷினின் தலையை நான் சுமந்தேன், காலடிச் சட்டத்தை அவளும் அலங்காரமும் பிடித்தார்கள். யாரும் சொல்லாமலே அவன் வந்து பிடித்தான். வேறு வழி இல்லாததால் மேடைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில்தான் போனோம். இரும்புச் சட்டம் தரையில் இழுபட்டுக் கர்ரென்று கத்தியது. மைக் பேச்சை நிறுத்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இன்னொருவரிடம், "புது மெஷின் குடுத்துட்டாங்கல்ல, அதான் பழசைப் போடப் போறாங்க" என்றார்.

என் கடை வாசலில் ஓரமாக இடம் ஒதுக்கினேன். பொத்தான் அட்டைகளை உள்ளே தள்ளிவைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அலமாரிப் பொம்மைக்கு வேறொரு பச்சைச் சட்டை ஏறியிருந்தது. புதிய ரகம். விலை அட்டை கைமுட்டியருகே ஆடிக்கொண்டிருந்தது. மாலை வரை அதற்கு மலர்வளையம் வைத்தார்கள்.

அன்று முழுக்க அவள் அந்த இரண்டு பாதி முதுகையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டைக்கு வேறு துணி பார்க்கலாமா என்று ஒரே ஒரு முறை கேட்டேன்.

"வேணாம்ண்ணே. அது அவன் சட்டையில இருந்தே எடுத்த துணி. இப்ப எடுக்கறதுக்கும் அதுல மிச்சம் இல்ல. இருந்தாலும் யாரு முதுகுல வச்சு அளவு பாக்குறது?" என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க முதுகு ஆகாது" என்றாள். என் முதுகில் இரண்டு ஊசி உட்காரலாம். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். நான் ஒரு வாடிக்கையாளரும் இல்லாத கடைக்குள் போய் ஜிப்புகளை நிறம்வாரியாக அடுக்கினேன்.

மறுநாள் காலையில் தள்ளுபடி வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன், மனுஷனாயிற்றே. வாசலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோவம் ஆறிடுச்சாம்மா? நடந்தது நடந்துருச்சு. விடு. ஆனா ஒண்ணு சொல்றேன், கூட்டம் நீ நெனைக்கிற மாதிரி இல்ல, நேத்து அலமாரிக்கு முன்னாடி அப்படி அம்முச்சு. வருஷா வருஷம் செய்யணும்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டோம்."

அவள் மடியிலிருந்த சட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இன்னும் தைக்கலியா? நல்லதாப் போச்சு. அப்படியே வச்சிரு. பின்னால தொறந்திருந்தாத்தான் பொம்மைக்குச் சுளுவா ஏறுது. அடுத்த வருஷம் மாட்டுறதுக்கு வேலையே இல்ல பாரு."

என் கையில் ஒரு பெட்டி கொக்கி இருந்தது. அதை அவர் மண்டையில் கவிழ்க்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், தையல்காரம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டியதுதான்.

"அண்ணே, பச்சை நூல்."

அந்தப் பச்சைக்கு எந்த நூல் என்று எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். முதல் தட்டிலேயே வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வழக்கமாக ஒரு முழம் இழுத்துப் பார்த்து, "இத்துப்போன நூலத் தலையில கட்டாதீங்கண்ணே" என்பாள். அன்று இழுத்துப் பார்க்கவில்லை. ஊசியில் கோத்தாள். முதுகின் இரண்டு பாதியையும் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பிடித்தாள். நடுவில் பட்டை இல்லை. கதவு மாதிரித் தோள் இல்லை. பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போவானே, அந்தப் பையனின் அளவுக்குத்தான் அது சேர்ந்தது.

மிதித்தாள். மெஷின் கடகடவென்று கழுத்திலிருந்து அடிவரை ஓடியது. திருப்பிப் போட்டு, அதே தடத்தில் மறுபடி ஒரு தையல். பிறகு இன்னொன்று. பிரிக்க வேண்டுமென்றால் துணியையே வெட்டினால்தான் உண்டு என்கிற தையல்.

தள்ளுபடி ஸ்டூலிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இவ்ளோ சிறுசாக்கிட்டே? இது பொம்மைக்கு ஏறாதே!"

"ஏறாதுங்க" என்றாள் அவள். குனிந்து பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.